வெயில் தாழ்ந்த பிறகு தூத்துக்குடி

தூத்துக்குடிக்கு மாற்றலாகி வருகிறவர்களும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கென்று இரண்டு நாள் தங்க வருகிறவர்களும் என்னிடம் முதலில் பேசுவது இந்த ஊரின் வெயிலைப் பற்றித்தான். 1994ஆம் ஆண்டு மே மாதத்தில் நாகர்கோவிலிலிருந்து மணமாகி இங்கே வந்தபோது நானும் அதைத்தான் பேசினேன். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில், கிணற்றை எட்டிப் பார்த்தாலே தண்ணீர் தெரிகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு, ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் இந்தக் கரை முதலில் வெறும் மணலும் உடைமரமுமாகத்தான் தெரிந்தது. கடைக்குப் போகலாமா, கோயிலுக்குப் போகலாமா, கடற்கரைக்குப் போகலாமா என்று எதைக் கேட்டாலும் என் மாமியார், "வெயில் தாழட்டும்மா, போகலாம்" என்றே பதில் சொல்வார்கள். அத்தை என்னை வீட்டிலேயே இருத்திவைக்கப் பார்க்கிறார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இந்த ஊர் முழுவதும் அந்த ஒரு சொல்லை வைத்தே தன் நாளை வகுத்துக்கொள்கிறது என்பது விளங்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஓராண்டை மிச்சப்படுத்தித் தரலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெயிலில் விளைகிற பொருளிலிருந்தே தொடங்குகிறேன். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தின் உப்பளங்களில் விளைகிறது. வடக்கே தருவைக்குளம், வேப்பலோடை வரையிலும், தெற்கே முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல் வரையிலும் சாலையின் இருபுறமும் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பியது போலப் பாத்திகள் கிடக்கும். கடல்நீரையோ, நிலத்தடியிலிருந்து எடுக்கும் உவர்நீரையோ முதலில் பெரிய தெப்பங்களில் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் அடர்த்தி ஏறவிட்டு, அதன் பிறகே சிறு பாத்திகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். அடர்த்தியை அளக்கும் கருவியில் கடல்நீர் 3 டிகிரி அளவில் இருக்கும். அது 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்குகிறது. 30 டிகிரியை நெருங்கினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பேறிவிடும் என்பதால், அதற்கு முன்பே வாரி எடுத்துவிட வேண்டும். அளவுக்கு மேல் ஒரு மழை பெய்தாலும் பல நாள் வேலை கரைந்துபோகும். அதனால்தான், வேறு ஊர்களில் மழை வேண்டிக் கும்பிடுகிற மாதங்களில் இங்கே அளத்துக்காரர்கள் வானத்தைக் கவலையோடு பார்க்கிறார்கள்.

பிப்ரவரி வாக்கில் தொடங்கும் உப்பு வாருதல், வடகிழக்குப் பருவமழை வரும் வரையில் நடக்கும். நீண்ட கைப்பிடி வைத்த மரப்பலகையால் வாரிக் குவித்து, தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுவரும் வேலையில் பெண்கள் ஏராளம். விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்த அளவு முடித்துவிட முயல்கிறார்கள். ஆனாலும் வெண்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது. உவர்நீர் பாதத்தைப் புண்ணாக்குகிறது. மழைக்காலத்தில் வேலையே இல்லாத மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குவது அண்மை ஆண்டுகளில்தான் வந்தது. உப்பளங்களைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காலை ஆறு மணிக்குள் போங்கள், வரப்பில் நின்று பாருங்கள், வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், பாத்திக்குள் கால் வைக்காதீர்கள்.

காலை நேரம் கிடைத்தால் போக வேண்டிய இன்னோர் இடம் திரேஸ்புரம். விசைப்படகுகள் நிற்கும் மீன்பிடித் துறைமுகம் வேறு. திரேஸ்புரம் நாட்டுப்படகுகளுக்கும் வள்ளங்களுக்கும் உரியது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலானவர்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால், தங்கி மீன்பிடிக்கப் போன படகுகள் பல சனிக்கிழமை கரை திரும்பும். அன்றைய ஏலக்கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது. எனக்கு அங்கே முதலில் தடுமாற்றம் தந்தது மீன்களின் பெயர். நாகர்கோவிலில் நாங்கள் நெய்மீன் என்று வாங்குவதை இங்கே சீலா என்கிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் அதையே வஞ்சிரம் என்று தேடுவார்கள். விளைமீன், ஊளி, பாறை, சூரை, நகரை என்று ஏலம் கூறுகிறவரின் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றால் அரைமணி நேரத்தில் பாதி பெயர்கள் பழகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வருகிறவர்கள் மீன் விலையைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம்.

காற்றுக்கும் இங்கே பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். ஜூன், ஜூலை மாதங்களில் கச்சான் அடிக்கும்போது வீட்டுக்குள் புழுதி வந்து படியும். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் கிளிப்பை இரண்டிரண்டாகப் போட வேண்டும். அதே காற்றுதான் கடலில் வள்ளத்தைத் திருப்பிவிடும் என்பதால், காற்றின் பெயரைச் சொல்லும்போது மீனவர்களின் முகமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கரையில் துறைமுகம் அமைந்த காரணத்தை அறிய வரைபடத்தை ஒருமுறை பார்த்தாலே போதும். கிழக்கே இலங்கை ஒரு மதில்போல நிற்பதாலும், கரைக்கு அருகே மன்னார் வளைகுடாத் தீவுகள் வரிசையாகக் கிடப்பதாலும் இங்கே கடல் பெரும்பாலும் அடங்கி நிற்கிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போதுகூட, நாகப்பட்டினமும் கன்னியாகுமரியும் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இந்த நகரம் பெரிதும் தப்பியது.

ஆனால் துறைமுகம் என்பது இந்தக் கரையில் ஓரிடத்தில் நிலைத்து நின்றதில்லை. பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை இங்கிருந்து தெற்கே, தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்தது. கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள், கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு ஒன்று, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளை முத்துக்குளிக்க வைத்தார்கள் என்று பதிவு செய்கிறது. முத்தின் அழகைப் பாடிய வரிகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவள் நான். மூச்சடக்கிக் கீழே போனவர் யார் என்பதைப் பின்னாளில் படித்தபோது அந்த வரிகள் வேறு கனத்தோடு நினைவுக்கு வந்தன. ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் விலகிப்போக, கொற்கை உள்நாட்டுச் சிற்றூரானது. பிறகு காயல் ஓங்கியது. அதன் பிறகே தூத்துக்குடியின் முறை வந்தது.

1530களில் போர்ச்சுகீசியர் இக்கரையின் பரதவர்களோடு உறவு பூண்டார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1658இல் டச்சுக்காரர்கள் நகரைக் கைப்பற்றினார்கள். 1825இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. எல்லோரையும் இழுத்தது முத்தும் சங்கும் துணியும்தான். கடலடியில் சிப்பி செறிந்த திட்டுகளுக்கு இங்கே 'பார்' என்று பெயர். சிப்பி வளம் குன்றியதால் 1961க்குப் பிறகு முத்துக்குளித்தல் நடக்கவே இல்லை. 1973இல் இங்குள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து அறிவியலாளர்கள் முத்துச்சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியதோடு அந்தக் கதை ஆய்வுக்கூடத்துக்குள் போய்விட்டது. 'முத்துநகர்' என்ற பெயர் மட்டும் கடற்கரைக்கும், சென்னையிலிருந்து இரவில் கிளம்பிக் காலையில் இங்கே வந்து சேரும் ரயிலுக்கும் நிலைத்தது. சங்குக்குளிப்பு மட்டும் இன்னும் நடக்கிறது. இங்கே எடுக்கும் சங்குகள் வளையலாக வங்காளத்துப் பெண்களின் கையில் ஏறுகின்றன.

துறைமுகம் என்று கேட்டால் ஆட்டோ ஓட்டுநர் "பழையதா, புதியதா?" என்று திருப்பிக் கேட்பார். பழைய துறைமுகம் நகரின் மடியிலேயே இருக்கிறது. அங்கே கடல் ஆழம் குறைவு என்பதால், பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்கை ஏற்றியிறக்கும் வேலையைத் தோணிகள் செய்தன. அதே மரத்தோணிகள் இன்றும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறி, மளிகை, கட்டுமானப் பொருள்கள் என்று ஏற்றிச் செல்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில் மட்டும் ஓய்ந்து நிற்கும். வரைபடத்தாள் துணையின்றிக் கண்மதிப்பாலேயே தோணி கட்டிய தச்சர் குடும்பங்கள் இங்கே இருந்தன. என்னைக் கேட்டால், இந்த ஊரில் காண வேண்டியவற்றுள் தோணிக்கே முதலிடம் தருவேன்.

புதிய துறைமுகம் முயல்தீவை ஒட்டி, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டி, நடுவே ஆழத்தை உண்டாக்கிச் செய்தது. 1974ஆம் ஆண்டு ஜூலையில் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயருக்கு இவ்வூர் கடன்பட்டிருக்கிறது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞரான அவர், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றே கோலோச்சிய காலத்தில், 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, பங்கு திரட்டி, காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்களை வாங்கி ஓட்டினார். 1908 தொடக்கத்தில் இங்கே கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றார். அதே ஆண்டு மார்ச்சில் கைதானார், சிறையில் செக்கிழுத்தார், 1912இல் வெளிவந்தபோது கப்பல்களும் இல்லை, கம்பெனியும் இல்லை. 1936இல் இந்த ஊரிலேயே வறுமையில் மறைந்தார். துறைமுக வாயிலைக் கடக்கும்போதெல்லாம், அந்தப் பெயர்ப்பலகையை அவர் பார்த்திருக்க வேண்டும் என்று மனம் வெம்பும்.

பனிமய மாதா பேராலயத்துக்குப் பழைய துறைமுகப் பக்கத்திலிருந்து நடந்தே போகலாம். 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்லப்படும் மாதா சொரூபம் அங்கே இருக்கிறது; இப்போதைய கோயில் 1713இல் திறக்கப்பட்டது; 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஜூலை 26 அன்று கொடியேறி ஆகஸ்ட் 5 அன்று நிறைவடையும் திருவிழாவில், மதம் கேட்காமல் ஊரே கூடும். தங்கத்தேர் எல்லா ஆண்டும் ஓடுவதில்லை. 2023இல் ஓடியபோது அதைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டில் இருப்பவர்களும் விடுப்பெடுத்து வந்தார்கள். சங்கரராமேஸ்வரர் கோயிலும் அருகில்தான். அங்கே மாலையில் போவது நல்லது.

மாலை என்று சொன்னேன். நான்கரை மணிக்குப் பிறகு இந்த ஊருக்கு இரண்டாம் காலை பிறக்கிறது. பருத்தி வணிகம் கொழித்த நாளின் நினைவாகக் கிரேட் காட்டன் ரோடு என்று பெயர் பெற்று, இப்போது வ.உ.சி. சாலையாகிவிட்ட தெருவிலும், மேற்கு கிரேட் காட்டன் என்பதன் சுருக்கமான டபிள்யூ.ஜி.சி. சாலையிலும் அந்த நேரத்தில்தான் கூட்டம் சேரும். பேக்கரிகளில் மக்ரூன் கிடைக்கும்: முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித்தூள் கலந்து, சிறு கூம்புகளாகப் பிழிந்து, மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்துச் செய்வது. வாயில் வைத்தால் ஓடு நொறுங்கி உள்ளே இழைய வேண்டும். ஈரம் பட்டால் பிசுபிசுத்துவிடும் என்பதால், ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக்கொள்ள வேண்டும். இரவானால் புரோட்டாக் கடைகளின் கல்லில் தாளம் கேட்கும். சால்னாவை ஊற்றச் சொல்லும் முன் காரம் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பகலில் கடற்கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தீவுகளுக்குப் படகு கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் இருந்த 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியின்றி இறங்கக் கூடாது. அவற்றுள் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. நகருக்கு நேர் எதிரே இருக்கும் வான்தீவும் கரைந்துகொண்டே வந்தபோது, 2015க்குப் பிறகு அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அதன் பிறகு அரிப்பு குறைந்திருக்கிறது. பழைய வீடுகளின் சுவர் உடையும்போது உள்ளே வெள்ளையாகப் பூவேலை செய்தது போன்ற கல் தெரிந்தால், அது கடலில் உயிரோடு இருந்தது என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

குடியேற வருகிறவர்களுக்கு மூன்று செய்திகள் சொல்ல வேண்டும்.

முதலாவது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றில் வருவது பெரும்பாலும் உவர்நீர். குளிக்கச் சோப்பு நுரைக்காது, குழாயில் வெண்படலம் படியும். குடிக்கக் கிடைக்கும் தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து முதன்முதலில் நகருக்குக் கொண்டுவந்த பெருமை, நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்தைச் சேரும். அவரைத் தூத்துக்குடியின் தந்தை என்று இங்கே அழைப்பது ஏன் என்று, குடத்தோடு வரிசையில் நின்ற ஒரு கோடையில் எனக்குத் தானாகவே விளங்கிற்று.

இரண்டாவது மழை. வறண்ட ஊர் என்று நம்பி வீடு எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டு மழையை விஞ்சியது அது. நகரின் பல பகுதிகள் தாழ்வானவை. பக்கிள் ஓடை கடலில் சேர்க்கும் வேகத்தைவிட வெள்ளம் வரும் வேகம் பெரிது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அத்தையின் கல்யாணப் பெட்டியை மாடிக்கு ஏற்றத்தான் நேரம் இருந்தது, என் திருமணப் படங்களை ஏற்ற நேரம் இல்லை. வாடகைக்கு வீடு பார்க்கும்போது எத்தனை அறை என்று கேட்பதற்கு முன்னால், அந்த டிசம்பரில் இங்கே எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள்.

மூன்றாவது, 2018ஆம் ஆண்டு மே 22. தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள் மீது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டிலும் அதைத் தொடர்ந்தும் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆலையைப் பற்றி ஊரில் பல கருத்துகள் உண்டு. இறந்தவர்களின் வீடுகள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

ஒருநாள் கூடுதலாகக் கிடைத்தால் திருச்செந்தூர்ச் சாலையில் போங்கள். 40 கிலோமீட்டரில் முருகன் கோயில். அதைத் தாண்டினால் செம்மணல் தேரிக்காடு, கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற உடன்குடி, தசராவுக்குப் பெயர்பெற்றதும் இஸ்ரோவின் இரண்டாம் ராக்கெட் ஏவுதளம் அமைந்துவருவதுமான குலசேகரன்பட்டினம், கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் மேல் தேவாலயம் நிற்கும் மணப்பாடு. கோடையில் போனால் வழியில் பனையோலைப் பட்டையில் நுங்கு போட்டுப் பதநீர் தருவார்கள். பருகாமல் வர வேண்டாம். திரும்பும்போது ஐந்தரை மணிக்கு முள்ளக்காட்டைக் கடக்கும்படி கிளம்புங்கள். அந்நேரம் வெண்மை முழுவதும் இளஞ்சிவப்பாகி, குவித்த உப்பின் மேல் பனையோலை மூடிக்கொண்டிருப்பார்கள். இப்போது 82 வயதாகும் அத்தையை மாதம் ஒருமுறை காரில் அந்த வழியாக அழைத்துப் போகிறேன். மதியம் மூன்று மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு திண்ணையில் வந்து உட்காருகிறவர்களிடம், "வெயில் தாழட்டும் அத்தை" என்று இப்போது நான் சொல்கிறேன்.